மோர்ஸும் முப்பதினாயிரம் டொலரும்

நான் சிறுவனாயிருந்த காலத்தில், தந்தி கொண்டுவரும் பியோனுடைய சைக்கிள் எங்கள் ஒழுங்கையிலே திரும்பினாற் போதும். உறையைப் பிரிக்குமுன்னரே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவர். தந்தியென்றால் இழவுச் செய்தியே என்பது ஊராரின் துணிபு. அத்தந்தியோடு என்றும் சேர்த்து எண்ணப்படும் சாமுவேல் மோர்ஸ் என்பாரின் வரலாற்றைப் பின்னாளிற் கற்றபோது, அவர் வாழ்விலும் ஓர் இழவுச் செய்தி உண்டென்பதையும், அஃது உரிய காலத்தில் வந்து சேராமற் போனதையும் அறிந்தேன். வகுப்பிலே மாணவர்க்கு அவரைப் பற்றிச் சொல்லுந்தோறும் அவ்விடத்தில் என் குரல் சற்றே தழுதழுப்பதுண்டு.

மோர்ஸ் 1791 ஏப்பிரில் 27 ஆம் நாள் அமெரிக்காவில் மசாசுசெற்ஸ் மாநிலத்திற் பிறந்தவர். தந்தையார் ஜெடிடையா மோர்ஸ் கிறித்தவ போதகர். பூமிசாஸ்திர நூல்கள் எழுதிப் பெயர் பெற்றவர். 1816 இல் யாழ்ப்பாணத்தை வந்தடைந்த மிஷனரிமாரை அனுப்பிய அமெரிக்கச் சங்கத்தின் நிருவாகத்தில் அப்பெரியாரும் அன்று ஒருவராயிருந்தார் என்பதை நம்மவர் அறிந்துகொள்வது நன்று.

மைந்தர்க்கோ ஓவியத்திலேதான் வேட்கை. யேல் கல்லூரியில் 1810 இற் கல்வி முடித்து, இங்கிலாந்து சென்று ஓவியம் பயின்று, நாடு திரும்பி உருவப்படம் எழுதிச் சீவனம் நடத்தினார். 1825 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், லாபயெற் பிரபுவின் படத்தை எழுதும் பணியை நியூயோர்க் நகரசபை அவரிடம் ஒப்புவித்தது. மூன்றாம் மகவைப் பெற்றுச் சின்னாட்களே ஆகியிருந்த மனைவி லூக்ரீஷியாவை நியூஹேவனிலே விட்டு வாஷிங்டனுக்குச் சென்றார். பெப்ரவரி 7 ஆம் நாள் அவ்வம்மையார் உயிர் நீத்தார், அகவை 25. மூன்று நாள் கழிந்த பின்னும் மோர்ஸ் அங்கிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் தந்தையாரின் கடிதம் கிடைத்தது. விரைந்தோடி வீடு சேர்ந்தபோது அடக்கமும் முடிந்துவிட்டது. இத்துயரமே தந்தியைத் தோற்றுவித்தது என்று எழுதுவோர் உளர். அது மிகையென்பது என் கருத்து. அதன்பின்னும் ஏழாண்டுகாலம் ஓவியமே அவர் தொழிலாயிருந்தது.

1832 இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்புகையில், உடன் பயணஞ்செய்த ஒருவர் மின்காந்தத்தைப் பற்றிப் பேசக் கேட்டார். கம்பி வழியே மின்சாரம் கணத்திற் பாயுமாயின், அதனைக் கொண்டு செய்தி அனுப்பலாகாதோ என்ற எண்ணம் அவ்விடத்தே முளைத்தது. இவ்வெண்ணம் தமக்கே முதலில் உதித்ததென்று அவர் இறுதிவரை வாதிட்டார். உண்மை அதுவன்று. இங்கிலாந்திலே குக், வீற்ஸ்ரன் என்னும் இருவர் 1837 இலேயே தந்திக் கருவிக்கு உரிமம் பெற்றிருந்தனர். ஜோசப் ஹென்றியின் மின்காந்த ஆராய்ச்சியும், லெனாட் கேல் என்ற பேராசிரியரின் அறிவுரையும், ஆல்பிரட் வெயிலின் கைத்திறனும் இல்லையேல் மோர்ஸின் கருவி நெடுந்தூரம் பேசியிராது.

கருவியைச் செய்தலினும் அரசின் இசைவைப் பெறுதலே அரிதாயிற்று. நியூயோர்க்கிலிருந்து நியூ ஓர்லியன்ஸ் வரை விரைவுச் செய்தி முறையொன்றை அமைக்கலாமோ என்று காங்கிரஸ் 1837 இல் வினவியது. குன்றுதோறும் கைம்மரம் நாட்டிச் சைகை காட்டுவதையே பலரும் நினைத்திருந்தனர். மோர்ஸ் மின்கம்பியை முன்வைத்து, 1838 இல் வாஷிங்டனிலே 10 மைல் கம்பியைச் சுருட்டி வைத்துச் செய்தி அனுப்பியுங் காட்டினார். சோதனைக்கு 30,000 டொலர் கோரும் மசோதா எழுந்தது. அதனைப் பரிந்துரைத்த குழுவின் தலைவர் ஸ்மித் என்பவர் அக்கண்டுபிடிப்பிலேயே ஒரு பங்கை வாங்கிக்கொண்டார்! நாட்டிலோ பெரும் பணமுடை. மசோதா ஐந்தாண்டு உறங்கியது. அந்நாளில் தம் ஆசிரியர் ஒரு பகல் ஓரிரவு உணவின்றி இருந்ததைக் கண்டதாக அவருடைய மாணவர் ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

1843 பெப்ரவரியில் மசோதா பிரதிநிதிகள் சபைக்கு மீண்டும் வந்தது. தெனசி மாநிலத்து உறுப்பினர் கேவ் ஜோன்சன் எழுந்து, இத்தொகையிற் பாதியை மெஸ்மரிசம் என்னும் மயக்கவித்தைச் சோதனைக்குக் கொடுக்கலாமே என்று எள்ளினார். சபை சிரித்தது. 23 ஆம் நாள் வாக்கெடுப்பில் 89 பேர் ஆதரித்தனர். 83 பேர் எதிர்த்தனர். ஏறத்தாழ 70 பேர் வாக்களிக்காது ஒதுங்கினர். ஆறே வாக்குகள்! மார்ச் 3 ஆம் நாள், கூட்டத்தொடரின் இறுதி இரவிலே, செனற் சபை விவாதமின்றி ஏற்றது. ஜனாதிபதி ரைலர் ஒப்பமிட்டார். நம்பிக்கையிழந்து முன்னரே விடுதிக்குத் திரும்பியிருந்த மோர்ஸுக்கு, உரிமப் பதிவு ஆணையாளரின் மகள் அனி எல்ஸ்வேத் என்னும் இளம்பெண்ணே மறுநாட் காலையில் இதனை அறிவித்தாள். முதற்செய்தியைத் தெரிவு செய்யும் உரிமையை அவளுக்கே அவர் அளித்தார்.

வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே ஏறக்குறைய 40 மைல். ஈயக்குழாயிற் கம்பியை இட்டு மண்ணிற் புதைத்தனர். காப்புப் பழுதுற்று மின்சாரம் மண்ணிற் கசிந்தது. பணத்தில் மூன்றில் இரு பங்கும் அதனோடு போயிற்று. வேலையை நிறுத்தினால் ஊர் நகைக்கும் என அஞ்சி, எஸ்ரா கோர்னெல் குழாய் புதைக்கும் கலப்பையைப் பாறையில் மோதித் தாமே உடைத்துக்கொண்டாராம். பின்னர் மரக்கம்பங்களை நாட்டிக் கம்பியை மேலே கட்டினர். 1844 மே 24 ஆம் நாள், காங்கிரஸ் மாளிகையின் உயர் நீதிமன்ற அறையிலிருந்து, அனி தெரிவுசெய்த எண்ணாகம வாசகம் பால்டிமோரிலிருந்த வெயிலுக்குச் சென்றது. அடுத்த சின்னாட்களில் அங்கே கூடிய சனநாயகக் கட்சி மாநாடு சைலஸ் றைற் என்பவரை உபஜனாதிபதி வேட்பாளராக்கியது. வாஷிங்டனிலிருந்து அவர் தந்தி மூலம் மறுத்தார். மாநாட்டார் அதனை நம்பாது, நேரிற் கேட்டுவர ஆள் அனுப்பினர்.

மோர்ஸ் விரும்பியது, தந்தியை அரசே ஏற்று நடத்தவேண்டுமென்பது. 100,000 டொலருக்குத் தம் உரிமைகளை விற்க முன்வந்தார். அரசு வாங்கவில்லை. அப்போது தபால் அமைச்சராயிருந்தவர் யார் தெரியுமா? முன்பு எள்ளிய அதே கேவ் ஜோன்சன்! வரவு செலவுக்கு ஈடாகாதென்று அவர் அறிக்கையிட்டார். இத்தகைய வல்லமையைத் தனியார் கையில் விடலாகாதென்றும் அவரே எழுதினார். இறுதியில் அது தனியார் கைக்கே சென்றது. கண்டத்தைக் கடக்கும் கம்பிக்கு 1860 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இசைவும், ஆண்டுக்கு 40,000 டொலர் வரை உதவியும் அளித்தபோதும், 1861 ஒக்டோபர் 24 இல் அதனை முடித்தவை தனியார் கம்பனிகளே.

செல்வமும் புகழும் மோர்ஸை வந்தடைந்தன. ஐரோப்பிய அரசுகள் சில கூடி 1858 இல் 400,000 பிராங் பரிசளித்தன. எனினும் அடிமை முறையை ஆதரித்து அவர் எழுதியவற்றையும், குடியேறி வந்தோர்மீது அவர் காட்டிய பகைமையையும் நான் மாணவரிடம் மறைப்பதில்லை. 1872 ஏப்பிரில் 2 ஆம் நாள், எண்பதாம் வயதில், நியூயோர்க்கிலே காலமானார். மனைவி இறந்த நாட்களில் அவர் எழுதத் தொடங்கிய லாபயெற்றின் படம் அந்நகர மண்டபத்துக்கு உரியதாயிற்று.