அறப்போரில் ஒரு நீதியரசர்

உப்பு அறப்போர் என்றதும் காந்தியடிகளின் தண்டி யாத்திரையே நம் நினைவில் எழும். அவருக்குப் பின் அப்போரின் தலைமையை ஏற்ற முதியவரை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். அவரே அப்பாஸ் தயாப்ஜி.

1854-ஆம் ஆண்டு பிறந்த அவர், இங்கிலாந்தில் சட்டம் பயின்று, பரோடா சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். ஆங்கில வாழ்க்கை முறையிலும் ஆங்கிலேயரின் நீதியிலும் நெடுங்காலம் பற்றுடையவராகவே விளங்கினார். 1919-இல் நிகழ்ந்த ஜாலியன்வாலாபாக் படுகொலையை ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவில் உறுப்பினராகிச் சாட்சியங்களைக் கேட்டபோது அப்பற்று அறுந்தது. 65 வயதைக் கடந்த நிலையில் கதர் உடுத்தினார். மூன்றாம் வகுப்பு ரயிலில் ஊர் ஊராகச் சென்றார்.

1930 மே 5-இல் காந்தியடிகள் கைதானார். தராசனா உப்பளத்தை நோக்கித் தொண்டர்களை நடத்திச் செல்லும் பொறுப்பு 76 வயதுப் பெரியவரிடம் வந்தது. மே 12-இல் புறப்பட்டார். உப்பளத்தை அடையுமுன்பே கைது செய்யப்பட்டார். தீர்ப்பு வழங்கிய அவர், மூன்று மாதச் சிறைத் தண்டனையை ஏற்றார். மே 21-இல் சரோஜினி நாயுடுவின் தலைமையில் தொண்டர்கள் தராசனா சேர்ந்து, எதிர்த்துக் கையோங்காமல் தடியடியைத் தாங்கினர்.

படையெடுத்துச் செல்வோர்க்கு இலக்கை எட்டுவதே வெற்றி. அறவழியில் நடப்போர்க்கோ எடுத்துவைக்கும் அடியே வெற்றி. 1936-இல் மறைந்த அப்பெரியார் தராசனாவைச் சென்றடையவில்லை. எனினும் உண்மையைக் கண்டபின் பழைய பற்றைத் துறக்க முதுமை ஒரு தடையன்று என்பதை நமக்கு நடந்து காட்டினார்.