தமிழுக்கு விசை தந்த முத்தையா



ஆண்டு மலரில் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுத வேண்டும் என்றதும், நான் தேர்ந்தெடுத்தது தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையா அவர்களை. காரணம் இருக்கு. எங்க ஊர் கடமலைக்குண்டில் லீவு நாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லித் தருகிறேன். ஆங்கிலத்தில் விரல் ஓடுற பிள்ளைகள், தமிழ்னா கஷ்டம்னு ஒதுங்கிடுறாங்க. அந்தக் கஷ்டத்தோடு முதலில் மல்லுக்கட்டியவர்களில் முன்னே நிற்பவர் இவர்.

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-ஆம் ஆண்டு பிறந்தவர் முத்தையா. இளமையிலேயே பெற்றோரை இழந்தார். பிழைப்புத் தேடி 1907-இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். சில காலம் ரயில்வே வேலை. பிறகு ஆங்கில வணிக நிறுவனம் ஒன்றில் குமாஸ்தா. வேலை பார்த்துக்கொண்டே சுருக்கெழுத்து, தட்டச்சு, கணக்குப் பதிவு எல்லாம் கற்றுத் தேறினார். சாதாரண எழுத்தராகச் சேர்ந்தவர், தலைமை எழுத்தராக உயர்ந்து 1930 வரை அங்கே இருந்தார். ஆங்கிலத்தில் இவ்வளவு வேகமாக அடிக்கிறோமே, தமிழில் ஏன் முடியாது என்ற ஏக்கம் அவரை விடவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. தமிழுக்கு 247. டைப்ரைட்டரில் இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் விசைகள். விசைக்கு இரண்டு என்றாலும் நூறு எழுத்துக்குக்கூட இடமில்லை. எழுத்துக்களை உடைத்துப் பார்த்தார் முத்தையா. கொம்பு, கால் போன்றவற்றைத் தனித்தனியே அடித்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் புள்ளியும் விசிறியும் எழுத்தின் தலையில் அல்லவா உட்கார வேண்டும்? இதற்குத்தான் நகரா விசை. புள்ளியை அடித்தால் வண்டி நகராது. அடுத்து 'க' அடித்தால் அதே இடத்தில் விழுந்து 'க்' ஆகிவிடும். நம்ம லேப்ல நாம செய்யுற டிசைன் வேலையும் இதுதானே நண்பர்களே!

ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் இருந்த சைடல் நௌமன் கம்பெனி அவருடைய விசைப்பலகையை வைத்துத் தமிழ் இயந்திரங்களைச் செய்து கொடுத்தது. முதலில் பெரிய இயந்திரம். பிறகு கையில் தூக்கிச் செல்லும் 'பிஜோ'. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த நகரம் கிழக்கு ஜெர்மனியில் சேர்ந்துவிட்டது. மனுசன் சோர்ந்து உட்காரவில்லை. மேற்கு ஜெர்மனியின் ஒலிம்பியா கம்பெனி வழியாக வேலையைத் தொடர்ந்தார்.

டைப்ரைட்டர் உற்பத்தி இன்று நின்றுபோனாலும், அந்த வழி வந்த தமிழ்த் தட்டச்சு இன்னும் நம் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறது. நம்ம பாலிடெக்னிக் எந்தத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகிறதோ, அதே இயக்ககம்தான் தட்டச்சுத் தேர்வையும் நடத்துகிறது. இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். ஆங்கிலத்தில் ஐந்து தட்டு ஒரு சொல். அரசின் தட்டச்சர் வேலைக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டு சான்றிதழும் தேவை. தமிழை ஒதுக்குகிற பிள்ளை அந்த வேலையையும் சேர்த்தே ஒதுக்குகிறது.

பிள்ளைகளின் திறமையைச் சோதிக்க நான் வைத்திருக்கும் முறை இது. முதல் வாரம் கடிகாரமே கிடையாது. இடக்கையில் ய, ள, ன, க. விசையைப் பார்க்காமல் விரல் போய்ச் சேருதான்னு மட்டும் பார்ப்பேன். அடுத்து ஒரு நிமிடம் அடிக்கச் சொல்லி, முதலில் பிழையை எண்ணுவேன், அப்புறம்தான் வேகம். எந்த எழுத்தில் அடிக்கடி தப்பு வருதோ, மறுநாள் அதற்குத்தான் பயிற்சி. ஒருத்தரோடு ஒருத்தரை ஒப்பிடுவதில்லை. போன வாரத்து அவனோடு இந்த வாரத்து அவனை ஒப்பிட்டால் போதும். தேர்வுக்குப் போகாத சின்னஞ்சிறுசுகளுக்கு 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 இன்னும் சுலபம். இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். 'க' அடித்து 'இ' அடித்தால் 'கி'. முத்தையா விசையில் செய்ததை இன்று கம்ப்யூட்டர் தானே செய்துகொள்கிறது.

தாய் தகப்பன் இல்லாமல், கடல் கடந்துபோன ஒரு குமாஸ்தா, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் இதைச் சாதித்தார். டிப்ளமோ படிக்கும் நாம், அவரவர் ஊரில் பத்துப் பிள்ளைகளுக்காவது தமிழ் அடிக்கச் சொல்லிக் கொடுப்போம். அந்தப் பெரியவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.

வாழ்க தமிழ்! வளர்க நம் மாணவர் ஒற்றுமை!

— மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் பிரிவு