வேலூர் டாக்டரம்மா ஐடா ஸ்கடர்

மலருக்கு எழுதச் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தவர், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மாதான்.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா மிஷனரி டாக்டர். ஆனா அமெரிக்காவில் படிச்ச ஐடாவுக்கு ஊழியத்தில் விருப்பமே இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னுதான் திண்டிவனம் வந்தார். அங்கே ஒரே ராத்திரியில் மூணு பேர், பிரசவ வலியில் துடிக்கிற மனைவியைக் காப்பாத்தச் சொல்லி அவரைத் தேடி வந்தாங்க. அவரோ டாக்டருக்குப் படிக்காதவர். அப்பாவை அனுப்புறேன்னு சொல்லியும், ஆம்பளை டாக்டர் வேண்டாம்னு மூணு பேருமே திரும்பிட்டாங்க. விடியறதுக்குள்ள மூணு பெண்களும் இறந்துட்டாங்க. ஐடா ஜெபம் பண்ணி, டாக்டராகிறதுன்னு முடிவெடுத்தார்.

1899-ல் பட்டம் வாங்கிட்டு வேலூருக்கு வந்து ஒரு படுக்கையோடு வைத்தியம் ஆரம்பிச்சார். 1902-ல் அது 40 படுக்கை ஆஸ்பத்திரி ஆச்சு. கிராமத்துப் பாதைகளில் போய், மரத்தடியிலேயே புண்ணைக் கழுவி மருந்து போட்டார். தான் ஒருத்தி போதாதுன்னு 1909-ல் நர்ஸ் பயிற்சியும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். 1960-ல் காலமானார்.

வேண்டாம்னு இருந்தவருக்கு, ஒவ்வொரு நோயாளியைத் தொடத் தொட விசுவாசம் வளர்ந்ததுன்னு நான் நினைக்கிறேன். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இது நமக்கும் பொருந்தும். ராத்திரியில் ஒருத்திக்கு வலி வந்தா, துணைக்குப் போக ஒவ்வொரு குழுவிலும் ரெண்டு பேர் முறை வச்சுக்கலாமே.