சொனாட்டாவிலிருந்து நீக்கப்பட்ட பெயர்

ஜார்ஜ் பிரிட்ஜ்டவர் 1778இல் போலந்தில், ஆப்பிரிக்க வம்சாவளித் தந்தைக்குப் பிறந்தார். சிறுவராக 1789இல் பாரிசில் வயலின் வாசித்துப் புகழ்பெற்றார். பின்னர் பிரிட்டிஷ் இளவரசரின் ஆதரவில் இலண்டனில் பார்த்தலமோன், அட்வுட் ஆகியோரிடம் பயின்றார்.

பிரிட்ஜ்டவருக்காகப் பீத்தோவன் எழுதி முடித்த சொனாட்டாவை 1803 மே 24 அன்று வியன்னாவில் இருவரும் சேர்ந்து அரங்கேற்றினர். இரண்டாம் பகுதிக்குப் படியெடுக்க நேரமில்லாததால், கையெழுத்துப் பிரதியைப் பார்த்தே பிரிட்ஜ்டவர் வாசித்தார். பின்னர் எழுந்த மனத்தாங்கலால் பீத்தோவன் அதனைக் குரோய்ட்சருக்குக் காணிக்கையாக்கினார். அவரோ அதை மேடையில் வாசித்ததாகப் பதிவில்லை.

1811இல் கேம்பிரிட்ஜில் இசைப்பட்டம் பெற்ற பிரிட்ஜ்டவர் 1860இல் இலண்டனில் மறைந்தார்.

பெயரை நீக்கியது தனிமனிதரின் சினம். அதனை நீண்டகாலம் மறக்கச்செய்தது, செவ்விசை வெள்ளையர்க்கே உரியதென்னும் எண்ணம். பெயர்களை மீட்பதும் உரிமைப் போராட்டமே என நாம் கருதுகிறோம்.