வீரர்களின் மனக்காயம் ஆற்றிய டாக்டர்

1917-ம் ஆண்டு. ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தை ஒட்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரி. கிரெய்க்லாக்கார்ட் என்று பெயர்.

பகலில் அங்கே இருந்தவர்களைப் பார்த்தால் நோயாளிகள் என்றே தோன்றாது. பந்து விளையாடுவார்கள், சிரித்துப் பேசுவார்கள். இரவு வந்துவிட்டால்? அறைக்கு அறை அலறல்!

அவர்கள் பிரிட்டிஷ் பட்டாளத்து அதிகாரிகள். முதலாவது உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே கிடந்து மீண்டவர்கள். உடம்பில் காயம் ஆறிவிட்டது. மனக்காயம் ஆறவில்லை.

அந்த நாளில் பலர் இதை நோய் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. கோழைத்தனம் என்றார்கள். போர்முனையை விட்டு ஓடினார்கள், பயந்தார்கள் என்று 300-க்கு மேற்பட்ட வீரர்களைச் சொந்தப் பட்டாளமே சுட்டுக் கொன்றது. 2006-ல்தான் பிரிட்டிஷ் அரசு அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது!

இந்தக் காலத்தில் வீரர்களின் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தவர் டாக்டர் ரிவர்ஸ்.

நீலகிரிக்கு வந்தவர்

ரிவர்ஸ் 1864-ல் இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தில் பிறந்தார். தகப்பனார் பாதிரியார், திக்குவாயைக் குணப்படுத்துவதிலும் பெயர் பெற்றவர். ஆனால் மகனுக்கே திக்குவாய்! கடைசிவரை அது முழுதும் போகவில்லை.

22 வயதில் டாக்டர் ஆனார். 1901-ல் நம் நீலகிரிக்கு வந்தார். மலையில் மாதக்கணக்கில் தங்கி, தோடர்களிடம் தாத்தா யார், மாமன் யார் என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதினார். 1906-ல் அது பெரிய புத்தகமாக வந்தது. கேட்டு அறிகிற பழக்கம் பிறகு ஆஸ்பத்திரியில் கைகொடுத்தது.

நண்பனின் உடல்

ஓர் இளம் அதிகாரி. காணாமற்போன நண்பனைத் தேடிப் போனார். குண்டில் சிதறிய உடலைத்தான் கண்டார். அன்று முதல் இரவெல்லாம் அதே கனவு. மறந்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். பகலில் மறக்கப் பாடுபட்டார்; இரவில் கனவு இரட்டிப்பாக வந்தது.

ரிவர்ஸ் மறக்கச் சொல்லவில்லை. நினைக்கச் சொன்னார்! உடல் அப்படிச் சிதறியதால் நண்பன் அந்தக் கணமே இறந்திருப்பான், வலியில் துடித்திருக்க மாட்டான் என்று எடுத்துக்காட்டினார். அதிகாரியின் முகம் தெளிந்தது. சில நாள் கழித்து மறுபடி கனவு வந்தது. இந்த முறை பயம் இல்லை. நண்பன் அருகில் மண்டியிட்டு, வீட்டாருக்கு அனுப்ப அவன் பொருள்களை எடுத்தார். விழித்தபோது அழுதார். அது துக்கத்தின் அழுகை.

எல்லோருக்கும் இது பலிக்கவில்லை. ஆறுதல் சொல்ல ஒன்றுமே கிடைக்காத கொடுமையைக் கண்டவர்களும் இருந்தார்கள். அதையும் ரிவர்ஸ் மறைக்காமல் எழுதினார்.

இன்று இந்த வேலைக்குக் கருவிகளும் வந்துவிட்டன. அமெரிக்காவில் தற்கொலை எண்ணத்தோடு தவிக்கும் மாஜி சிப்பாய்கள் இரவு பகல் எந்நேரமும் டெலிபோனில் பேச 2007-ல் அரசு ஏற்பாடு செய்தது. கெட்ட நினைவு தாக்கும்போது மூச்சை நிதானப்படுத்தவும், நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிடவும் வழிகாட்டும் செல்போன் செயலி 2011-ல் வந்தது. ரிவர்ஸிடம் இருந்தவை ஒரு நாற்காலியும் இரண்டு காதுகளும்தான்.

டாக்டரின் சங்கடம்

1917 ஜூலையில் கவிஞர் சிக்பிரிட் சசூன் அங்கே வந்தார். வீரப்பதக்கம் பெற்ற அதிகாரி. போரை வேண்டுமென்றே நீட்டுகிறார்கள் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டவர். ராணுவ விசாரணையிலிருந்து காப்பாற்ற, நண்பர்கள் அவரை நோயாளி ஆக்கினார்கள். ரிவர்ஸ் சோதித்தார், சசூனுக்குப் புத்தி தெளிவாகவே இருந்தது!

இங்கேதான் டாக்டருக்குத் தர்மசங்கடம். குணமானவர்களை எங்கே அனுப்புவது? மறுபடி போருக்குத்தானே! ரிவர்ஸின் கனவிலேயே இந்தப் போராட்டம் வந்தது. அதையும் அவர் எழுதிவைத்தார்.

மாலைகளில் இருவரும் பேசினார்கள். தன் ஆட்களைப் போர்முனையில் விட்டுவிட்டு இங்கே சுகமாக இருப்பது சசூனை உறுத்தியது. தாமே திரும்பிப் போனார். 1918-ல் தலையில் குண்டுக் காயம் பட்டு லண்டன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரிவர்ஸ் தேடி வந்து பார்த்தார்.

ரிவர்ஸ் 1922 ஜூன் 4-ந் தேதி, குடல் இறக்க நோயால் திடீரென்று காலமானார். வயது 58.

சசூன் 1967 வரை வாழ்ந்தார். தம் போர்க்கால வாழ்க்கையைக் கதைபோல் எழுதியபோது ஊரார் பெயர்களை மாற்றினார். தம் பெயரையே மாற்றிக்கொண்டார். ரிவர்ஸ் பெயரை மட்டும் மாற்றவில்லை.