ஓசை மாறிய நகரில் ஒரு கவிஞர்

தாம் பாடிய மொழியைத் தெருவெங்கும் மக்கள் பேசக் கேட்பது ஒரு கவிஞருக்கு வாய்க்கும் பெரும்பேறு. அவ்வாறு பேசும் வாயிலேயே தம் பாட்டின் ஓசை சிதையக் கேட்பது பெருந்துயர். இவ்விரண்டையும் ஒரே நகரில் ஒருங்கே அடைந்தவர் எபிரேயப் பெருங்கவிஞர் ஹயிம் நக்மன் பியாலிக். பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை பயின்றுவரும் நம் வட்டத்தார் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்வு அவருடையது.

இன்றைய உக்ரைனில் உள்ள ஷித்தோமிர் நகரையடுத்த சிற்றூர் ஒன்றில் 1873ஆம் ஆண்டு சனவரியில் பியாலிக் பிறந்தார். அப்பகுதி அன்று உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. மர வணிகத்தில் நொடித்துப்போன தந்தையார், பின்னர் மதுக்கடை நடத்திப் பிழைத்தார். பியாலிக்கின் ஏழாம் அகவையில் அவர் மறைந்தார். வறுமையில் வாடிய தாய், மகனைக் கண்டிப்பு மிக்க பாட்டனாரிடம் ஒப்படைத்தார். தந்தையை மரணத்திற்கும் தாயை வறுமைக்கும் பறிகொடுத்த அந்த இரட்டைப் பிரிவு, அவர் பாடல்களில் இறுதிவரை ஒலித்துக்கொண்டிருந்தது.

அந்நாளில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுமொழி இட்டிஷ். எபிரேயமோ வழிபாட்டிற்கும் மறைநூற் கல்விக்கும் உரிய மொழியாக இருந்தது. வொலோஜின் நகரின் புகழ்பெற்ற சமயக் கல்லூரியில் பயின்ற இளைஞர் பியாலிக், 1891இல் ஒடேசா நகரை அடைந்தார். அஹத் ஹாஆம் என்னும் சிந்தனையாளரைச் சூழ்ந்து எபிரேய எழுத்தாளர்கள் அங்குக் கூடியிருந்தனர். பறவையொன்றை முன்னிலைப்படுத்திப் பாடிய அவருடைய முதற்கவிதை 1892இல் அச்சேறியது. மரவணிகமும் ஆசிரியப் பணியும் மாறி மாறி அவருக்குச் சோறிட்டன. 1901இல் முதல் தொகுதி வெளிவந்தபோது, எபிரேயக் கவிதையின் முதல்வராக அவர் போற்றப்பட்டார்.

1903ஆம் ஆண்டு ஏப்பிரலில் கிஷினேவ் நகரில் யூதர்கள்மீது நடந்த கொலைவெறித் தாக்குதலில் 49 பேர் மாண்டனர். உயிர்தப்பியோரின் வாக்குமூலங்களைத் திரட்ட ஒடேசாவிலிருந்து அனுப்பப்பட்ட பியாலிக், பல வாரங்கள் அங்குத் தங்கிக் குறிப்பேடுகளை நிரப்பினார். ஆனால் உலகறிய வெளிவந்தது அவ்வறிக்கையன்று. கொலை நகரைப் பற்றிய நெடுங்கவிதையே. கொன்றவர்மீது மட்டுமன்றி, ஒளிந்து உயிர் காத்தவர்கள்மீதும் அதன் சினம் பாய்ந்தது. இளைஞர் பலர் தற்காப்புப் படைகளில் சேர அது தூண்டுகோலாயிற்று. எனினும், அவர் எழுதிவைத்த வாக்குமூலங்களில் எதிர்த்து நின்றவர்களைப் பற்றிய செய்திகளும் உண்டு. கவிதையில் அவர்களுக்கு இடமில்லை. அக்குறிப்புகள் 1991இல்தான் நூலாயின. கவிதையின் ஆற்றலையும் அது விட்டுவைக்கும் குறையையும் ஒருசேர எண்ணிப் பார்க்க வைக்கும் நிகழ்ச்சி இது.

ஏறத்தாழ 1911க்குப் பின் அவர் கவிதை எழுதுவது அருகிப்போயிற்று. அம்மௌனத்திற்கு ஆய்வாளர் கூறும் காரணங்கள் பல. ஆயினும் அவர் கைகள் ஓய்ந்திருக்கவில்லை. நண்பர் ரவ்னிட்ஸ்கியுடன் இணைந்து, தால்முத் முதலிய பழநூல்களில் சிதறிக்கிடந்த கதைகளையும் புராணங்களையும் திரட்டி, 'செஃபெர் ஹாஅகாதா' என்னும் பெருந்தொகுப்பை உருவாக்கினார். இடைக்கால ஸ்பெயினில் வாழ்ந்த எபிரேயக் கவிஞர்களின் பாடல்களைப் பதிப்பித்தார். 'தான் கிஹோத்தே'யைச் சுருக்கி மொழிபெயர்த்தார். சிதறியதைத் திரட்டுவதே அக்காலத்துத் தலையாய பணி என்று அவர் கருதினார்.

சோவியத் ஆட்சியில் எபிரேயப் பதிப்புப் பணி நசுக்கப்பட்டது. மாக்சிம் கார்க்கியின் பரிந்துரையால் 1921இல் எழுத்தாளர் குழுவொன்றுடன் நாட்டைவிட்டு வெளியேறிய பியாலிக், பெர்லினில் சில ஆண்டுகள் தங்கி, 1924இல் டெல் அவீவ் வந்து சேர்ந்தார். யாஃபாவையடுத்த மணற்குன்றுகளில் 1909இல் தோன்றிய அந்நகர், அப்போது பிரித்தானியர் ஆட்சியில் இருந்தது. அவர் வீடு கட்டிய தெருவிற்கு அவர் வாழும்போதே அவர் பெயர் சூட்டப்பட்டது.

அந்தத் தெருவில்தான் அவர் பேறும் துயரும் ஒன்றையொன்று சந்தித்தன. அங்கே குழந்தைகள் எபிரேயத்தில் விளையாடினர். வணிகர் எபிரேயத்தில் விலை பேசினர். ஆனால் அவர்கள் ஒலித்தது வேறு முறை. பியாலிக்கின் யாப்பு, கிழக்கு ஐரோப்பிய அஷ்கெனாசி ஒலிப்பில் அமைந்தது. பெரும்பாலும் சொல்லின் ஈற்றயலசையில் அழுத்தம் விழும். புதிய பேச்சு செஃபார்தி மரபைத் தழுவியது. அதில் அழுத்தம் பெரும்பாலும் ஈற்றசைக்கு நகர்ந்தது. குறில் நெடில் பிறழ்ந்தால் நம் வெண்பா தளை தட்டுவதுபோல், பள்ளிப் பிள்ளைகள் வாயில் அவர் பாடல்கள் சந்தம் இழந்தன. சிறுவர் பாடல்கள் சிலவற்றை அவர் புதிய ஒலிப்பிலேயே எழுதிப் பார்த்தார். ஷ்லோன்ஸ்கி முதலிய இளங்கவிஞர்கள் அப்புதிய ஓசையில் பாடியவாறே அவருக்கு எதிர்க்குரல் எழுப்பினர்.

அவர் மனம் கசந்து ஒதுங்கிவிடவில்லை. சனிக்கிழமைப் பிற்பகல்தோறும் 'ஓனெக் ஷபாத்' என்னும் கூட்டங்களை நடத்தினார். ஓய்வுநாள் இன்பம் என்பது அதன் பொருள். சமயப் பற்றுடையோரும் இல்லோரும் ஒன்றாக அமர்ந்து உரை கேட்டனர், பாடினர். கூட்டம் பெருகவே, 1929இல் பால்ஃபூர் தெருவில் 'ஓஹெல் ஷேம்' அரங்கு எழுந்தது. எழுதுவது குறைந்த காலத்தில், ஒரு நகரத்தையே கேட்போர் அவையாக்கிக் காட்டினார் அவர்.

ஆயினும் புகழ் சுமையாயிற்று. வருவோர் தொல்லை தாளாது இறுதிக் காலத்தில் அருகிலுள்ள ராமத் கான் ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்து அவர் உள்ளம் திரும்பியது மதுக்கடையில் அமர்ந்திருந்த தந்தையிடமே. தம் தந்தையற்ற பிள்ளைப் பருவத்தைப் பாடிய கவிதை வரிசையே அவருடைய கடைசிப் படைப்பாயிற்று. வியன்னாவில் அறுவை மருத்துவத்திற்குப் பின் 1934 சூலை 4ஆம் நாள் அவர் மறைந்தார். டெல் அவீவில் அஹத் ஹாஆமின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். பிள்ளையில்லாத அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

இன்றைய இஸ்ரேலிய மாணவர் அவர் கவிதைகளைப் புதிய ஒலிப்பிலேயே படிக்கின்றனர். இசையமைந்த சில பாடல்களில் மட்டும் பழைய அழுத்தம் மெட்டோடு ஒட்டி உயிர் வாழ்கிறது. கவிஞனின் செவியில் இருந்த ஓசையை அச்செழுத்து முழுதும் காத்துத் தருவதில்லை. கூடியிருந்து வாய்விட்டுப் பாடுவோரே அதைக் காக்கின்றனர். நம் கூட்டங்களில் கவிதையை உரக்கப் படிக்கும் வழக்கத்தை நாம் கைவிடாதிருக்க இந்த ஒரு காரணமே போதும்.