தொடை எலும்பு உடைஞ்சா காலில் மாட்டுவாங்களே ஒரு இரும்பு வளையம்... யார் அந்த தாமஸ்?

சேலம் - கோவை பைபாஸில் பைக் ஓட்டுறவரா நீங்க? அப்படின்னா உங்க ஃப்ரெண்ட்ஸ் கேங்கில் ஒருத்தராவது தொடையில் ராடு வெச்சவரா இருப்பார். சித்தோடு பக்கம் லாரி உரசியது, பெருந்துறை சர்வீஸ் ரோட்டில் நாய் குறுக்கே வந்தது என்று ஆளுக்கு ஒரு கதை வெச்சிருப்பாங்க. அவரைப் பார்க்க ஆஸ்பத்திரி எலும்பு வார்டுக்குப் போயிருந்தா ஒன்றைக் கவனிச்சிருப்பீங்க. தொடை மேல் பக்கம், இடுப்பு ஓரத்தில் தோல் சுற்றின ஒரு இரும்பு வளையம். அதிலிருந்து காலின் இரண்டு பக்கமும் இறங்குற கம்பி. பாதத்துக்குக் கீழே அந்தக் கம்பியோடு காலை இழுத்துக் கட்டியிருப்பாங்க.

நர்ஸ் அக்காவிடம் கேட்டா ‘தாமஸ் ஸ்ப்ளிண்ட்’ என்பார். யாரோ பாலக்காட்டுப் பக்கத்து டாக்டர் போல என்று நினைச்சிருந்தா தப்பில்லை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன்.

ஆனா இவர் ஹியூ ஓவன் தாமஸ். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஆங்கிள்சி தீவில் 1834-ல் பிறந்தவர். அவர் கதை நம்ம ஊர்க்காரங்களுக்கு ரொம்பவே பழக்கமான இடத்தில் ஆரம்பிக்கிறது. அவருடையது எலும்புக்குக் கட்டுப் போடுற பரம்பரை.

பச்சிலை அரைச்சு, முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் பத்தை வெச்சுக் கட்டுற வைத்தியசாலைகளை நீங்க பார்த்திருப்பீங்க. அதே மாதிரி தலைமுறை தலைமுறையாக எலும்பு சேர்த்த குடும்பம் அது. 1700-களின் நடுவில் கப்பல் உடைந்து ஆங்கிள்சி கரையில் ஒதுங்கிய ஒரு சிறுவன்தான் இந்தப் பரம்பரையின் முதல் ஆள் என்று ஒரு கதை உண்டு. அவன் பேசிய பாஷை அங்கே யாருக்கும் புரியலையாம். ஆனா கோழிக்கும் ஆட்டுக்கும் கால் முறிஞ்சா, தொட்டுப் பார்த்தே சரி பண்ணுவானாம். கதை எவ்வளவு நிஜமோ, ஊரே அந்தக் குடும்பத்துக் கைகளை நம்பியது என்பது நிஜம்.

அப்பா இவான் தாமஸ் லிவர்பூல் துறைமுக நகரத்துக்குப் போய் வைத்தியம் பார்த்தார். வாசலில் கூட்டம் அலைமோதியது. பட்டம் வாங்கிய டாக்டர்களுக்கு அது பொறுக்கவில்லை. பட்டமில்லாத ஆள் என்று திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். அவர் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். தன் ஐந்து மகன்களையும் டாக்டருக்குப் படிக்க வைத்தார்! மூத்தவர்தான் ஹியூ. எடின்பரோவிலும் லண்டனிலும் படித்து 1857-ல் முறையான சர்ஜன் ஆனார்.

ஊருக்குத் திரும்பி அப்பாவோடு சேர்ந்து தொழில் பண்ணினார். ரொம்ப நாள் ஒத்துப் போகவில்லை. தனியாக வந்துவிட்டார். பிறகு லிவர்பூலின் நெல்சன் தெருவில் 11-ம் எண் வீடு, பின்னால் ஒரு பட்டறை. அங்கே ஒரு கொல்லரையும் ஒரு தோல் வேலைக்காரரையும் சம்பளத்துக்கு வைத்திருந்தார். வந்த ஆளின் காலுக்கு அளவெடுத்து, அங்கேயே இரும்பை வளைத்து, தோல் சுற்றிக் கொடுப்பார்கள்.

ஆள் எப்படி இருப்பார் என்று கேட்கிறீங்களா? குள்ளமான, ஒல்லியான உடம்பு. கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட கறுப்புக் கோட்டு. சின்ன வயசில் கல்லடி பட்டு ஒரு கண் கெட்டிருந்ததால், அதை மறைக்கிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்த தொப்பி. வாயில் எப்போதும் சிகரெட். (அந்தக் காலம்! நீங்க இதை ஃபாலோ பண்ண வேண்டாம்.) விடியும் முன்பே சிவப்பு நிறக் குதிரை வண்டியில் நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஏழைகளுக்கு இலவச வைத்தியம். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள், கப்பல் வேலைக்காரர்கள் என்று தெருவே நிறையும்.

அவர் செய்த அந்த வளையம் முதலில் எலும்பு முறிவுக்கானதே இல்லை. மூட்டில் காசநோய் வந்து முழங்கால் வீங்கியவர்களுக்காகச் செய்தது. அந்தக் காலத்தில் அப்படி வந்தால் மூட்டை அறுத்து எடுப்பார்கள், இல்லையென்றால் காலையே வெட்டுவார்கள். அசையாமல், இடைவிடாமல், போதுமான நாள் ஓய்வு கொடுத்தால் மூட்டு தானாக ஆறும் என்பது தாமஸின் கட்சி. 1875-ல் இதைப் புத்தகமாகவும் போட்டார்.

தொடை எலும்புக்கு அது எப்படி உதவுகிறது? நம்ம உடம்பிலேயே நீளமான, பலமான எலும்பு அது. சுற்றிலும் தடித்த தசை. எலும்பு உடைந்ததும் அந்தத் தசைகள் சுருங்கி, உடைந்த இரண்டு முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்துவிடும். கால் குட்டையாகும், தொடை பந்து மாதிரி உப்பும். அந்த உப்பலுக்குள் ஒரு லிட்டர், அதற்கு மேலேகூட ரத்தம் சேரலாம். வெளியே ஒரு சொட்டு வராமலே ஆள் ஷாக்கில் போய்விடுவார். தாமஸின் வளையம் நாம் உட்காரும்போது தரையில் படுகிற இடுப்பு எலும்பில் போய் முட்டுக்கொடுத்து நிற்கும். பாதத்தைக் கீழே இழுத்துக் கட்டினால் தொடை நீளும், முனைகள் ஆடாது, ரத்தம் சேருகிற இடமும் குறையும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

அதனால்தான் சொல்றேன். ரோட்டில் யாராவது தொடை உடைந்து கிடந்தா, ரெண்டு பேர் கையைக் காலைப் பிடிச்சுத் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீங்க. 108-க்கு அடிங்க. அது வரும் வரை காலை ஆட்டாம வெச்சிருங்க.

இவ்வளவு நல்ல விஷயத்தை டாக்டர்கள் உடனே ஏத்துக்கிட்டாங்களா? இல்லை. கட்டுப் போடுறவர் மகன் என்ற இளக்காரம் ஒரு பக்கம். ஆனா எனக்கு என்னவோ பாதித் தப்பு தாமஸ் மேலேயும்தான் என்று தோன்றுகிறது. மனுஷனுக்கு முன்கோபம் அதிகம். புத்தகங்களைத் தானே செலவு செய்து அச்சடித்து, அதிலேயே மற்ற டாக்டர்களோடு சண்டையும் போட்டார். எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் பதவி வகிக்கவில்லை. அதனால் அவர் வேலையை நேரில் பார்த்தவர்கள் நோயாளிகளும் ஒரு சில சீடர்களும்தான். இத்தனை பேருக்குப் போட்டேன், இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எதிராளி வாயை அடைக்கிற கணக்கு அவரிடமிருந்து வரவில்லை.

1891 ஜனவரியில் நிமோனியா வந்து 56 வயசில் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் லிவர்பூலின் ஏழை ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். மருத்துவ உலகம் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

தாமஸ் தம்பதிக்குக் குழந்தை கிடையாது. 16 வயசில் அவர் வீட்டுக்கு வந்து தங்கிப் படித்த மருமகன் ராபர்ட் ஜோன்ஸ்தான் வாரிசு. மாமாவுக்கு நேர் எதிரான குணம். சிரித்த முகம், யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். 1888-ல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் தோண்டும் வேலைக்கு அவரை சர்ஜனாகப் போட்டார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளிகள், தினமும் விபத்து. கால்வாய் ஓரமாகவே முதலுதவி இடங்களையும் ஆஸ்பத்திரிகளையும் அமைத்து, மாமாவின் வைத்தியத்தை அங்கே நடத்திக் காட்டினார்.

பிறகு முதல் உலகப்போர் வந்தது. குண்டடியில் தொடை எலும்பு சிதறிய சிப்பாய்களைச் சாதாரணக் கட்டையில் கட்டி, குண்டும் குழியுமான பாதையில் தூக்கிப் போனார்கள். ஆரம்ப வருடங்களில் இப்படிக் காயம்பட்டவர்களில் 80 சதவிகிதம் பேர் இறந்தார்கள் என்பது அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. ராணுவ எலும்பு மருத்துவத்துக்குப் பொறுப்பாக வந்த ஜோன்ஸ், தாமஸ் ஸ்ப்ளிண்டைக் கையில் எடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு போட்டால் பத்தாது, போர்முனையிலேயே போட வேண்டும். ஸ்ட்ரெச்சர் தூக்குகிற சாதாரண சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பேண்ட்டைக் கழற்றாமல், பூட்ஸைக் கழற்றாமல், இருட்டிலும் மாட்டத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கண்ணைக் கட்டிக்கொண்டுகூடப் பழகினார்கள்!

1917-ல் ஆராஸ் என்ற இடத்தில் பெரிய சண்டை. அங்கே தொடை எலும்பு முறிந்த 1,009 பேரின் கணக்கை ஹென்றி கிரே என்ற சர்ஜன் எடுத்தார். இறந்தவர்கள் 15.6 சதவிகிதம். தாமஸ் இறந்து 26 வருடம் கழித்து, அவர் கொடுக்காத கணக்கை வேறொருவர் கொடுத்தார்.

இங்கே கொஞ்சம் நிதானிக்கணும். எண்பதிலிருந்து பதினாறு என்பது கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 80 எப்படி வந்தது என்று இன்றைய ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். அதே வருடங்களில் காயத்தைச் சுத்தமாக வெட்டி எடுக்கும் முறையும், ரத்தம் ஏற்றுவதும், போர்முனைக்குப் பக்கத்திலேயே ஆபரேஷன் செய்வதும் முன்னேறின. பெருமை முழுவதையும் ஒரு வளையத்துக்குக் கொடுக்க முடியாது. ஒரு வைத்தியம் வேலை செய்கிறதா என்று பார்க்க, குலுக்கல் முறையில் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிடும் பழக்கம் அப்போது கிடையாது.

இப்போ இருக்கு. அதில் தாமஸின் ஓய்வுக் கொள்கையே ஆட்டம் கண்டுவிட்டது. 1939-ல் ஜெர்மனியின் கெர்ஹார்ட் குன்ட்ஷர் தொடை எலும்புக்குள்ளேயே உலோக ராடை இறக்கினார். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர்கள் சீக்கிரமே எழுந்து நடந்தார்கள். உங்க ஃப்ரெண்ட் காலில் இருப்பது அதன் பேரப்பிள்ளைதான். வழுக்கி விழுந்து இடுப்புப் பக்கம் எலும்பு உடைத்துக்கொள்ளும் பாட்டிகளுக்கோ படுக்கையே எமன். இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2020-ல் வெளிவந்தது. சுமார் 6 மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் 24 மணி நேரத்தில் செய்தவர்களுக்கும் இறப்பில் பெரிய வித்தியாசமில்லை. ஆனா சீக்கிரம் செய்தவர்களுக்கு மனக்குழப்பம் குறைவு, சீக்கிரமே எழுந்து நின்றார்கள், வீட்டுக்கும் சீக்கிரம் போனார்கள்.

உங்க வீட்டுல அம்மாயி விழுந்துட்டா, கட்டுப் போட்டுப் படுக்க வைக்கலாமுங்க என்று யாராவது சொல்லுவாங்க. அப்போ இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. எந்தக் கட்டாக இருந்தாலும், போட்ட பிறகு விரல் நீலமானா, ஜில்லுன்னு ஆனா, மரத்துப்போனா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது. கட்டைத் தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு மறந்துவிடாமல், நோயாளியின் வீட்டுக்கே போய்த் திரும்பத் திரும்பப் பார்த்தவர் தாமஸ்.

நெல்சன் தெருப் பட்டறையில் பிறந்த அந்த வளையம் இன்றைக்கு ஒரு ராத்திரி வேலைக்காரன்தான். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்வரை காலைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே ராடு இறங்கியதும் அதைக் கழற்றித் துடைத்து, வார்டு மூலையில் சாய்த்து வைப்பார்கள். பைபாஸிலிருந்து அடுத்த ஆள் வரும்வரை அங்கேயே இருக்கும்.